தோட்டத்தில் குளவிக்கூடு: பூவுக்கு வரும் தேனீயைக் காப்பாற்றிக்கொண்டே சமாளிக்க ஒரு வழிகாட்டி

வாசலை ஒட்டிக் குளவி கூடு கட்டியிருக்கிறது. அதற்கு நாலடி தள்ளிப் பூசணிக்கொடி பூத்துக் கிடக்கிறது. கூடு போக வேண்டும், பூவுக்கு வரும் தேனீக்கு ஒன்றும் ஆகக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்வது எப்படி என்று ஒரே இடத்தில் சொல்லித்தர எங்களுக்கு யாரும் கிடைக்கவில்லை. மருந்து அடிப்பவர் ஒன்று சொன்னார், தேனீ வளர்ப்பவர் வேறொன்று சொன்னார், அக்கம்பக்கத்தில் தீ வைக்கச் சொன்னார்கள். விசாரித்தும் அலைந்தும் தெரிந்துகொண்டதை, அடுத்தவர் அலையாமல் இருக்க வரிசையாக எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. யாரையாவது ஏற்கெனவே கொட்டிவிட்டது, மூச்சுத் திணறுகிறது, முகமோ நாக்கோ வீங்குகிறது என்றால் படிப்பதை விட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மற்ற முதலுதவி 8-ஆம் படியில் இருக்கிறது.

1. கை வைக்காமல் கொஞ்ச நேரம் பாருங்கள்

கூடு கண்ணில் பட்டதும் துடைப்பத்தைத் தேட வேண்டாம். சின்னக் கூடு என்றால் நாலைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். பெரிய கூடு என்றால் வீட்டுக்குள் போய் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பூச்சிகள் எந்தத் திசையில் வந்து எந்தத் திசையில் போகின்றன என்பது பிடிபடும். பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போய் வரும். அந்தத் தடத்தில் குறுக்கே நிற்பதுதான் கொட்டு வாங்க மிக எளிய வழி.

கூடே தெரியவில்லை, பூச்சிகள் மட்டும் சுவர் விரிசலுக்குள்ளோ தரையில் ஒரு பொந்துக்குள்ளோ போய் வருகின்றன என்றால் இன்னும் கவனம் தேவை. வெளியே தெரிவது வாசல்தான், உள்ளே எவ்வளவு பெரிது என்று ஊகிக்க முடியாது. குச்சி விட்டுப் பார்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றிப் பார்க்காதீர்கள்.

போனில் ஜூம் செய்து படம் எடுத்து வையுங்கள். கூட்டின் படம், பூச்சியின் படம், கூடு வாசலிலிருந்தோ நடைபாதையிலிருந்தோ எவ்வளவு தூரம் என்று காட்டும் ஒரு படம். இந்த மூன்றும் பின்னால் ஆளைக் கூப்பிடும்போதும், வீட்டுக்காரரிடம் பேசும்போதும் தேவைப்படும். ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள்.

2. வந்திருப்பது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. மஞ்சளும் கறுப்புமாக எது பறந்தாலும் குளவி என்று சொல்லிவிடுகிறோம். பெயர் மாறினால் கூப்பிட வேண்டிய ஆள் மாறுகிறார், செலவு மாறுகிறது, அந்தப் பூச்சியின் தலைவிதியும் மாறுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேனீக்கு உடம்பில் பூனைமயிர் இருக்கும், இடுப்பு அவ்வளவாக ஒடுங்கியிருக்காது, பின்னங்காலில் மகரந்த உருண்டை ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதன் அடை மெழுகால் ஆனது. புதரில் ஒரு சின்னக் கிளையைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு ஒற்றை அடை தொங்கினால் அது கொம்புத்தேனீ. உயர்ந்த மரத்திலோ மாடி விளிம்பிலோ ஒரு மீட்டர் அகலத்துக்குக்கூடப் பெரிய ஒற்றை அடை திறந்தபடி தொங்கினால் மலைத்தேனீ. சீண்டினால் கூட்டமாகத் துரத்தும், அதன் பக்கமே போகக் கூடாது. மரப்பொந்து, சுவர் இடுக்கு, காலிப் பெட்டி மாதிரி இருட்டான இடத்தில் பல அடைகளாக வரிசையாகக் கட்டுவது அடுக்குத்தேனீ. சுவரிலிருந்து பிசினால் செய்த சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டு, கொசு அளவுக்குக் கறுப்பாக ஏதோ போய் வந்தால் அது கொசுத்தேனீ. அதற்குக் கொட்டும் கொடுக்கே இல்லை. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

கிளையில் அடையே இல்லாமல் தேனீக்கள் மட்டும் கொத்தாகத் தொங்கினால் அது பிரிந்து வந்த கூட்டம். புது இடம் தேடுகிற வழியில் இளைப்பாறுகிறது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தானே கிளம்பிவிடும். காக்க வேண்டிய புழுவும் தேனும் அங்கே இல்லை என்பதால் பொதுவாக இந்தச் சமயத்தில் சாதுவாகவே இருக்கும். பலர் பயந்து மருந்து அடிப்பது இந்தக் கொத்தைத்தான். அடிக்கவே வேண்டாம்.

குளவிக்கு உடம்பு வழவழப்பாக இருக்கும், இடுப்பு நூலாக ஒடுங்கியிருக்கும். சாம்பல் நிறக் காகிதம் போன்ற பொருளால், உறை இல்லாமல், அறைகள் கீழ்நோக்கித் திறந்தபடி ஒரு காம்பில் தொங்கும் கூடு காகிதக்குளவியுடையது. பறக்கும்போது அதன் கால்கள் கீழே தொங்கும். தொட்டால்தான் வம்பு, தானாகத் தேடி வந்து கொட்டுவது குறைவு.

அதே காகிதப் பொருளால், முழுக்க உறை போட்டு மூடி, ஒரு சின்ன வாசல் மட்டும் விட்டுக் கட்டிய பெரிய கூடு கதண்டு வகையுடையது. சிலர் கடந்தை என்பார்கள். இவை மரத்தில் மட்டும் கட்டுவதில்லை, சில வகைகள் பொந்திலும் தரைக்கு அடியிலும் கட்டும். குளிர்நாடுகளில் புல்வெளிக்கு அடியில் கூடு வைக்கும் மஞ்சள்வரிக் குளவியையும் இதே எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். இவற்றின் கூட்டை நீங்களே எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

சுவரில் மண் உருண்டையோ மண் குழாயோ ஒட்டியிருக்கிறதா? அது தனியாக வாழும் மண்குளவி. உள்ளே தன் குஞ்சுக்குத் தீனியாகச் சிலந்தியையோ புழுவையோ மயக்கி அடைத்து வைத்திருக்கும். கூட்டைக் காக்கப் பாய்ந்து வரும் பழக்கம் இதற்கு இல்லை. கட்டை விரல் பருமனில் பளபளவென்று கறுப்பாக, உத்தரத்தில் வட்டத் துளை போட்டு மரத்தூள் உதிர்ப்பது தச்சுத்தேனீ. உறுமிக்கொண்டு முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது அதன் ஆண். ஆணுக்குக் கொடுக்கு கிடையாது. தேனீயோ குளவியோ எதுவானாலும் பெண்தான் கொட்டும். முட்டையிடும் உறுப்புதான் கொடுக்காக மாறியிருக்கிறது.

கடைசியாக, குளவி வேஷம் போட்ட ஈக்கள். பூவுக்கு மேலே ஓரிடத்தில் அசையாமல் மிதக்கும், பெரிய கண், குட்டை உணர்கொம்பு, ஒரே ஒரு ஜோடி இறக்கை. இவை கொட்டாது. இவற்றில் பல இனங்களின் புழுக்கள் அசுவினியைத் தின்னும்.

3. எடுக்கத்தான் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பூச்சியின் வகையைவிடக் கூடு இருக்கும் இடம்தான். கதவு, நடைபாதை, தண்ணீர்க் குழாய், குழந்தைகள் விளையாடும் மூலை, துணி காயப்போடும் கொடி, புல்வெட்டும் இயந்திரம் போகும் தடம், இவற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் எடுக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது குளவி, தேனீ விஷ ஒவ்வாமை இருந்தால் இன்னும் சீக்கிரம் எடுக்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையிலோ மரத்தின் உச்சியிலோ இருந்தால் விட்டுவிடலாம். ஒரு குச்சி நட்டு அதில் பளிச்சென்ற துணியைக் கட்டி, இந்த எல்லைக்கு அப்பால் போகாதீர்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். தோட்ட வேலைக்கு வருபவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும், கொட்டு வாங்குவது பெரும்பாலும் அவர்தான்.

விட்டுவைப்பதால் லாபமும் உண்டு. கத்தரிச் செடியில் காகிதக்குளவி ஒன்று இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். இலையின் அடிப்பக்கமாக நடந்து போய் ஒரு பச்சைப் புழுவைப் பிடித்தது. அங்கேயே உட்கார்ந்து அதை மென்று மென்று உருண்டையாக்கி, வாயில் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் அடுத்த புழுவுக்கு வந்துவிட்டது. கூட்டில் பசித்த புழுக்கள் இருக்கும் வரை இந்த வேட்டை நடக்கும். கண்ணுக்கே தெரியாத ஒட்டுண்ணிக் குளவிகள் பயிர்ப்பூச்சியின் முட்டைக்குள் முட்டையிட்டு அதை அழிக்கின்றன. அத்தி, ஆல், அரச மரங்களுக்கு மகரந்தச் சேர்க்கை செய்வதே சின்னஞ்சிறு குளவிகள்தான்.

தேனீக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பூசணிக்கு ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். கத்தரி, தக்காளிப் பூவில் மகரந்தம் பூட்டிக் கிடக்கும். தச்சுத்தேனீயும் நீலவரித் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கின்றன. தேன் எடுக்க வளர்க்கும் தேனீக்களால் இப்படிச் செய்ய முடியாது. உலகில் இதுவரை கண்டறிந்த தேனீ இனங்கள் 20,000-க்கு மேல். கொட்டுகிறது என்று பொதுவாக மருந்து தெளித்தால் அடிபடுவது இந்தக் கூட்டம் முழுவதும்தான்.

இன்னொரு கணக்கும் போடுங்கள். குளிர்காலம் கடுமையாக இருக்கும் இடங்களில் காகிதக்குளவி, மஞ்சள்வரிக் குளவிக் கூடுகள் ஓராண்டுதான். பனி விழும் காலத்தில் வேலைக்காரக் குளவிகள் செத்துவிடும், புது ராணிகள் மட்டும் வேறு இடத்தில் ஒதுங்கிப் பிழைக்கும், பழைய கூட்டுக்குத் திரும்பி வருவதில்லை. கோடை முடியும் தறுவாயில் கூடு கண்ணில் பட்டால், சில வாரம் பொறுத்துக் காலிக் கூட்டை அப்படியே எடுத்துப் போடலாம், காசு செலவில்லை. வெப்பமான இடங்களில் இந்த உத்தி பலிக்காது, அங்கே கூடு வருடம் முழுவதும் நீடிக்கக் கூடும்.

4. அனுமதியும் காகிதமும்

வாடகை வீடு, அடுக்குமாடி, பொதுச்சுவர் என்றால் முதலில் எழுத்தில் தகவல் கொடுங்கள். மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ போதும், 1-ஆம் படியில் எடுத்த படங்களை இணைத்து, தேதியோடு. வாய்மொழியாகச் சொன்னால் பின்னால் செலவை யார் ஏற்பது என்று வரும்போது எதுவும் நிற்காது. கூடு பக்கத்து வீட்டு மரத்தில் இருந்தால் அவர்களின் சம்மதம் இல்லாமல் கை வைக்கக் கூடாது. மலைத்தேனீ அடை பொதுச் சாலையோரம் இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்துக்குத்தான் முதல் போன்.

அப்புறம் சட்டம். சில நாடுகளில் சில இனங்களைக் கொல்வதே குற்றம். ஜெர்மனியில் ஐரோப்பியக் கதண்டும் காட்டுத் தேனீக்களும் பாதுகாக்கப்பட்டவை. இதற்கு நேர்மாறாக, ஆசியாவிலிருந்து போய் 2004-இல் பிரான்சில் கண்டறியப்பட்ட மஞ்சட்கால் கதண்டு ஐரோப்பாவில் தேனீக்களுக்குப் பெரிய எதிரி. அதைப் பார்த்தால் கலைக்காமல் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், ஏனென்றால் அதன் தடத்தைப் பிடித்துக் கூட்டைக் கண்டுபிடிப்பார்கள். உங்கள் நாட்டில் எப்படி என்று வேளாண் அல்லது வனத்துறையின் இணையதளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

5. சரியான ஆளைக் கூப்பிடுங்கள்

தேனீ என்றால் தேனீ வளர்ப்பவர். குளவி என்றால் உரிமம் உள்ள பூச்சிக் கட்டுப்பாட்டு ஆள். பெரிய கதண்டுக் கூடு, அதுவும் பள்ளி, சாலை மாதிரி இடத்தில் என்றால் பல ஊர்களில் தீயணைப்புத் துறையே வந்து எடுக்கும், கேட்டுப் பாருங்கள்.

செலவு எதைப் பொறுத்து மாறுகிறது என்று தெரிந்தால் பேரம் பேசலாம். கூட்டின் உயரம், ஏணி போதுமா இல்லை தூக்கி தேவையா, எத்தனை தடவை வர வேண்டும், இரவில் வர வேண்டுமா, சுவரை உடைக்க வேண்டுமா. கிளையில் தொங்கும் தேனீக்கூட்டத்தைப் பிடித்துப்போக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பணமே கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு அது புதுப் பெட்டிக்கான குடும்பம். ஆனால் சுவருக்குள் இருக்கும் அடையை உயிரோடு வெட்டி எடுப்பது நாள் பிடிக்கும் வேலை, அதற்குக் கூலியும் சுவரைப் பூசும் செலவும் தனி. இரண்டையும் முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த ஆள் சுவர் விரிசலை எட்டிப் பார்த்துவிட்டு, குளவிதான் என்று மருந்தைப் பீய்ச்சிப் பணம் வாங்கிக்கொண்டு போனார். உள்ளே இருந்தது அடுக்குத்தேனீ. தேனீக்கள் செத்தால் அடைக்கு விசிற ஆளில்லை. வெயிலில் மெழுகு இளகி, தேன் சுவரின் உட்புறமாகக் கசிந்து, பூச்சில் பழுப்பாக ஒரு கறை இறங்கியது. புளித்த வாடை, அதைத் தேடி எறும்பு வரிசை. அதைவிட மோசம், அந்த விஷத் தேனைத் திருட வேறு கூட்டுத் தேனீக்கள் வந்தன. கடைசியில் சுவரை உடைத்து அடையை எடுக்கத்தான் வேண்டியிருந்தது. உயிரோடு எடுத்திருந்தால் ஆகியிருக்கும் அதே செலவு, முன்பு கொடுத்த பணம் தண்டம்.

அதனால் யார் வந்தாலும் வேலை தொடங்கும் முன் இவற்றைக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்:

- இது என்ன பூச்சி, எதை வைத்துச் சொல்கிறீர்கள்? தேனீ என்றால் உயிரோடு எடுக்க முடியுமா?
- என்ன மருந்து? வணிகப் பெயர் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் வேதிப்பொருளின் பெயர் வேண்டும்.
- கூட்டையும் அடையையும் அகற்றுவது இந்தத் தொகைக்குள் சேர்ந்ததா?
- திரும்பவும் அதே இடத்தில் நடமாட்டம் இருந்தால் எத்தனை நாளுக்குள் இலவசமாக வருவீர்கள்?
- உங்கள் உரிம எண் என்ன?

முதல் கேள்விக்குச் சரியான பதில் வராவிட்டால் மற்றதைக் கேட்கவே வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள். ரசீதில் வேதிப்பொருள் பெயர் இருக்க வேண்டும். யாருக்காவது உடம்புக்கு ஆகாமல் போனால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

6. நீங்களே எடுக்கலாம் என்பது எப்போது?

ஒரே ஒரு நிலையில்தான். காகிதக்குளவி கூடு கட்டத் தொடங்கிய புதிதில், நாணய அளவில், நாலைந்து அறைகளோடு, தரையில் நின்றபடி எட்டும் உயரத்தில், ஒரே ஒரு குளவி மட்டும் இருக்கும்போது. எடுப்பவருக்கு ஒவ்வாமை இருக்கக் கூடாது, பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் கொல்லாமலே முடித்துவிடலாம். பகலில் அந்தத் தனிக்குளவி இரை தேடவும், மரத்தைச் சுரண்டி நார் எடுக்கவும் கூட்டைவிட்டுப் போகும். அது இல்லாத நேரம் பார்த்து நீண்ட கழியால் கூட்டைச் சுரண்டித் தள்ளி, காம்பு ஒட்டியிருந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். திரும்பி வந்து கொஞ்சம் சுற்றும், பிறகு வேறு இடம் பார்த்துக்கொள்ளும். அங்கேயே மறுபடி கட்டினால் மறுபடி தள்ளுங்கள். சில நாள் தொடர்ந்து கவனித்தால் போதும்.

போகும்போது வெளிர் நிறத்தில் முழுக்கை, கால்சட்டை, மூடிய காலணி, கையுறை, கண்ணாடி. கறுப்புத் துணியும் கம்பளித் துணியும் வேண்டாம். அத்தர், நறுமணத் தைலம் எதுவும் வேண்டாம். எந்தப் பக்கம் ஓடுவது என்று முன்கூட்டியே பார்த்து, கதவைத் திறக்கத் தயாராக வையுங்கள்.

செய்யக் கூடாதவை இதைவிட முக்கியம். ஏணியில் ஏறி எந்தக் கூட்டையும் தொடாதீர்கள், கொட்டைவிட விழுந்து அடிபடுவது பெரிது. பெட்ரோல், மண்ணெண்ணெய், தீப்பந்தம் வேண்டவே வேண்டாம். காகிதக் கூடு சட்டென்று பற்றும், கூரையும் சேர்ந்து பற்றும், தரையில் ஊற்றினால் மண்ணும் கெடும். குளவி குடியிருக்கும் பொந்தின் வாசலை அடைக்காதீர்கள். குளவி வேறு வழி குடைந்து வீட்டுக்குள்ளேயே வரும். இருட்டில் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டருகே போகாதீர்கள், வெளிச்சத்தை நோக்கித்தான் பாயும். கூட்டருகே ஒரு குளவியைக்கூட நசுக்காதீர்கள். நசுங்கியதிலிருந்து வரும் வாசனை மற்றவற்றுக்கு அபாய மணி.

7. மருந்து தெளித்தே ஆக வேண்டும் என்றால்

கூட்டுக்கு மட்டும் தெளிக்க வேண்டும், செடிக்கு அல்ல. சந்தையில் குளவிக்கென்று விற்கும் தெளிப்பான்களில் பெரும்பாலானவை பைரெத்ராய்டு வகை. அது குளவியையும் தேனீயையும் பிரித்துப் பார்க்காது, மீனுக்கும் ஆகாது. அருகில் குளம், தொட்டி இருந்தால் தவிர்க்க வேண்டும்.

நேரம் முக்கியம். குளவிகள் கூட்டுக்குத் திரும்பிய பின், அந்தி சாயும் வேளைதான் சரி. தேனீக்களும் அப்போது பூவில் இருக்காது. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பூசணிப் பூ விடிகாலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும், அதனால் அந்தியில் தெளித்தால் பூவுக்குள் மருந்து போகாது. சுரைக்காயும் பீர்க்கனும் மாலையில்தான் பூக்கும், அந்துப்பூச்சிகள் அப்போதுதான் வரும். கூடு சுரைப்பந்தல் பக்கம் இருந்தால் வேலை தொடங்குமுன் அந்தப் பகுதியைப் பழைய துணியால் மூடிவிட்டு, மறுநாள் துணியை எடுங்கள். காற்று வீசினால் அன்று தெளிக்க வேண்டாம்.

இரண்டு வகை மருந்தைத் தோட்டத்துக்குள்ளேயே விடாதீர்கள். ஒன்று தூள் மருந்து. பூவில் விழுந்தால் தேனீயின் மயிரில் மகரந்தத்தோடு ஒட்டிக் கூடு வரைக்கும் போய்விடும். இன்னொன்று இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம், குளோத்தியானிடின் போன்ற நியோனிகோடினாய்டு வகை. செடிக்குள் ஊடுருவி, பின்னால் மலரும் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் வந்து சேரும். இந்த மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை போட்டது. நர்சரியில் செடி வாங்கும்போது இவற்றில் எதையாவது போட்டார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் இயற்கை என்பதால் எப்போது வேண்டுமானாலும் தெளிக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். ஈரமாகத் தேனீ மேலே பட்டால் சோப்புக் கரைசலும் கொல்லும். பூவில்லாத செடிக்கு, அந்தியில், இலைக்கு மட்டும்.

8. கொட்டிவிட்டால்

முதலில் அந்த இடத்தைவிட்டு ஓடுங்கள். நேராக, கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ, கையை வீசாமல், சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு. தண்ணீருக்குள் குதிப்பது பலன் தராது, தேனீக்கள் மேலே காத்திருக்கும்.

தேனீயின் கொடுக்கு முட்கள் உள்ளது, அதனால் தோலிலேயே தங்கிவிடும், கூடவே விஷப்பையும். அது விஷத்தைத் தொடர்ந்து இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டுவதா, கிள்ளி எடுப்பதா என்று யோசித்து நேரத்தைக் கடத்தாதீர்கள், எடுக்கும் வேகம்தான் முக்கியம். குளவி பொதுவாகக் கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, அதே குளவி பல தடவை கொட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். மோதிரம், வளையலை வீங்கும் முன்பே கழற்றிவிடுங்கள். அரிப்புக்கு ஒவ்வாமை மாத்திரை உதவும். சுண்ணாம்பு, மஞ்சள் என்று பூசுவதால் விஷம் முறியாது, நேரம்தான் போகும்.

கொட்டிய இடத்தைச் சுற்றி மட்டும் பெரிதாக வீங்கி, ஓரிரு நாள் அதிகமாகி, பிறகு வடிவது பயப்பட வேண்டியதல்ல. கொட்டாத இடங்களில் தடிப்பு, முகம், தொண்டை வீக்கம், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தொடங்கும். அட்ரினலின் ஊசி கையில் இருந்தால் தொடையின் வெளிப்பக்கம் உடனே போட வேண்டும், மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்கார விடுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். சரியாகிவிட்டதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும்.

வாய், தொண்டை, கண்ணில் கொட்டினாலும், ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்துக்கு மேல் கொட்டினாலும் ஒவ்வாமை இல்லாதவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷத்தின் அளவே சிறுநீரகத்தைப் பாதிக்கும், அது உடனே வெளியே தெரியாது. கொட்டிய பூச்சி எது, எத்தனை மணிக்கு, எத்தனை கொட்டு, என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஒரு முறை கடும் ஒவ்வாமை வந்தவர்கள் ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்து விஷ எதிர்ப்புத் தடுப்புச் சிகிச்சை பற்றிக் கேட்க வேண்டும். மூன்று முதல் ஐந்து ஆண்டு பிடிக்கும், ஆனால் நன்றாகப் பலன் தரும். எந்தப் பூச்சி என்று தெரிந்தால்தான் அந்தச் சிகிச்சையும் சரியாக அமையும் என்பதால், 1-ஆம் படியில் எடுத்த படத்தைக் கையோடு கொண்டு போங்கள்.

9. திரும்ப வராமலும், நல்லவை தங்கவும்

கூடு போன பிறகு வெளியே போயிருந்த குளவிகள் சில நாள் அதே இடத்தைச் சுற்றும். அவை ஓயும் வரை பொறுத்து, பிறகு விரிசலையும் ஓட்டையையும் பூசுங்கள். காற்றுப் போக்கிகளுக்குச் சன்னமான கம்பி வலை.

விழுந்த பழங்களை அன்றன்றைக்கே பொறுக்கிவிடுங்கள். குப்பைத்தொட்டிக்கும் உரக்குழிக்கும் மூடி வேண்டும். நாய், பூனைக்கு வைக்கும் தீனியை வெளியே விட்டு வைக்காதீர்கள். வெளியே உட்கார்ந்து இனிப்பான பானம் குடிப்பதானால் கண்ணாடித் தம்ளரில் குடியுங்கள். டப்பாவுக்குள் குளவி இறங்கியிருந்தால் தெரியாது. குளவி விலகிப் போகும் என்று சொல்லிக் கடையில் விற்கும் பொய்க்கூடுகளை நம்பிப் பணம் போட நான் சொல்ல மாட்டேன். சர்க்கரைப் பொறி வைப்பதானால் அதில் காடி (வினிகர்) சேருங்கள், தேனீ விலகிப் போகும். ஆனாலும் வண்ணத்துப்பூச்சியும் பூ ஈயும் அதில் மாட்டும் என்பதால், வேறு வழியில்லாத போது மட்டும்.

தேனீக்களுக்குத் தண்ணீர் வேண்டும். நீங்கள் வைக்காவிட்டால் குழாயடிக்கும் செல்லப்பிராணியின் கிண்ணத்துக்கும் வந்துவிடும், பழகிய இடத்தை விட்டு மாற்றுவது கடினம். ஆகவே வெயில் ஏறும் முன்பே தோட்டத்தின் கோடியில் ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். கல் நீர்மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும். கொசு முட்டையிடாமல் இருக்கத் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். அதிகம் பூக்கும் செடிகளையும் வாசற்படியிலிருந்து தள்ளி நட்டால் உங்களுக்கும் அவற்றுக்கும் மோதல் வராது.

தேனீ இனங்களில் 70 சதவீதம் அளவுக்கு மண்ணுக்குள்தான் கூடு வைக்கின்றன. தோட்டம் முழுக்க மூடாக்கோ சிமென்ட்டோ போடாமல், வெயில் படும் இடத்தில் ஒரு திட்டு வெறும் மண்ணாக விடுங்கள். தனித்தேனீக்களுக்கு மூங்கில் துண்டுகள் கட்டித் தொங்கவிடலாம். உள் விட்டம் 3 முதல் 10 மில்லிமீட்டர், நீளம் 15 சென்டிமீட்டர் அளவு, பின்பக்கம் கணுவால் அடைபட்டிருக்க வேண்டும், மழை படக் கூடாது. ரோஜா இலையில் ஓரமாக வட்டமாய்க் கத்தரித்த மாதிரி தெரிந்தால் இலைவெட்டித் தேனீ வந்து கூடு கட்டத் தொடங்கியிருக்கிறது என்று பொருள், செடிக்கு அதனால் கேடில்லை, மருந்து வேண்டாம். குஞ்சுகள் வெளியேறிய மூங்கில் துண்டுகளை ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் உண்ணி சேர்ந்துவிடும்.

கூரை விளிம்பு, ஜன்னல் மேல்தளம், காலிப் பூந்தொட்டி, மீட்டர் பெட்டி, பயன்படுத்தாத குழாய் முனை, இவற்றை வாரத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குளிர்நாட்டில் வசந்தம் தொடங்கியதிலிருந்து, வெப்பநாட்டில் வருடம் முழுவதும். செடியை வெட்டும் முன்பும் புதரை ஒரு கழியால் தூரத்திலிருந்து அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை விட வேண்டும்.